புதுக் கட்டடத்தைக் கிளாசிக்கல் பாணியில் வடிவமைப்பது பழசை நகலெடுப்பதுதானே?

நான் ஆர்க்கிடெக்ட். என் பதில்: இல்லை. ஆனால் இந்தச் சந்தேகம் ஏன் வருகிறது என்று புரிகிறது. பிளான் போட்டு, எலிவேஷனும் முடித்து, அப்புறம் ரெடிமேட் தூண் வாங்கி ஒட்டிய கட்டடங்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

கிளாசிக்கல் என்பது கிரேக்க, ரோமானிய மரபு. அதன் உயிர் அளவுக் கணக்கில் இருக்கிறது. இத்தாலிய ஆர்க்கிடெக்ட் விக்னோலா 1562-இல் அதை எளிமையாக வகுத்துக் கொடுத்தார். இந்த மரபின் தூண் வகைகளில், டஸ்கன் தூணின் உயரம் அதன் அடிப்பகுதி விட்டத்தைப் போல 7 மடங்கு, டோரிக் 8, அயோனிக் 9, கொரிந்தியன் 10. தூணின் உயரத்தில் கால் பங்கு, அதன்மேல் கார்னிஸ் (உச்சியில் வெளியே நீளும் விளிம்பு) வரை வரும் உத்தரப் பகுதிக்கு.

3 மீட்டர் உயரமுள்ள ஒரு தளத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். டோரிக் என்றால் தூண் 2.4 மீட்டர், அடி விட்டம் 30 செ.மீ, மேலே உத்தரப் பகுதி 60 செ.மீ. அந்த 60 செ.மீ.யை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. தூணை நேராகக் கூரைத் தளம் வரை நீட்டிவிடுவார்கள். ஒல்லித் தூண் தலையில் எதுவுமில்லாமல் நிற்கும். அங்கேதான் கட்டடம் பொம்மையாகிவிடுகிறது.

இன்னொன்று: தூண் மேலே போகப்போகச் சிறுக்கும், 30 செ.மீ என்பது உச்சியில் 25 ஆகும். உத்தரத்தின் முகம் அந்த 25-க்கு நேராக நிற்க வேண்டும். தூணின் தலைப்பகுதி அதைவிட வெளியே நீண்டிருக்கும். பலர் உத்தரத்தைத் தலைப்பகுதியின் விளிம்பு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

சரி, நவீனத் தேவைக்கு இது ஒத்துவருமா? லண்டனில் ஆர்க்கிடெக்ட் க்வின்லன் டெரி 1980-களில் வடிவமைத்த ரிச்மண்ட் ரிவர்சைடு என்ற கட்டட வரிசையைப் பலர் திட்டினார்கள்: வெளியே கிளாசிக்கல் முகப்பு, உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்ட சாதாரண ஆபீஸ் என்று. நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் ஆற்றங்கரையில் அந்த வரிசை நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1993-இல் இதே மரபுப் பாணியில் கட்டத் தொடங்கிய புதுக் குடியிருப்பான பவுண்ட்பரியில் எனக்குப் பெரிய முகப்புகளைவிட லியோன் க்ரியர் திட்டமிட்ட தெருக்கள்தான் பிடிக்கும்.

பட்ஜெட் குறைவு என்றால் தூணையே விட்டுவிடுங்கள். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் வரிசை வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. கனமான தரைத்தளம், அதன்மேல் உயரமான ஜன்னல்கள், அதற்கும் மேலே குட்டை ஜன்னல்கள், உச்சியில் கார்னிஸ். அவ்வளவுதான். கார்னிஸை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்வது அதுதான்.