பழைய வேதாகமத் தமிழில் சொன்னால் தீர்க்கதரிசனம் உண்மையாகிவிடுமா?

பாம்பன் ஜெபக்கூட்டத்தில் ஓர் ஊழியர், "என் ஜனமே, இதோ, இந்தக் கடற்கரையை அசையப்பண்ணுவேன்" என்றாராம். நம்பலாமா என்கிறீர்கள்.

அந்த நடை 1871-இல் வந்த 'பவர் திருப்புதல்' என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ். இன்றும் புராட்டஸ்டன்ட் சபைகளில் வாசிப்பது அதுதான். சிறுவயது முதல் கேட்டவருக்கு உணர்ச்சி பொங்கினால் அதே நடை வாயில் வரும். அதை நடிப்பு என்று சொல்லிவிட முடியாது, சான்றும் ஆகாது. தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கர் பூசையில் கேட்பது வேறு தமிழ். ஆண்டவர் சபைக்கு ஒரு தமிழ் பேசுவாரா என்ன?

எரேமியா 28-ஐப் படியுங்கள். "கர்த்தர் சொல்லுகிறார்" என்று எரேமியா பேசிய அதே தோரணையில்தான் பொய்த் தீர்க்கதரிசி அனனியாவும் பேசினான். யூதா மேலிருந்த பாபிலோன் ஆட்சியின் நுகம் இரண்டு வருஷத்தில் முறியும் என்றான். முறியவில்லை, அவனே அந்த வருஷம் செத்தான். உபாகமம் 18:22 சொன்னது நடந்ததா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. நடையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அனனியாவாவது கெடு வைத்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையே புயல் அழித்த கரை இது. "அசையப்பண்ணுவேன்" என்பது எந்த ஐப்பசி, கார்த்திகைக்கும் பொருந்தும். எப்போது, எங்கே என்று அந்த ஊழியரிடமே கேளுங்கள்.