ஒரே உரை, இரண்டு சாட்சிகள்: சோஜர்னர் ட்ரூத் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): வணக்கம் அம்மா. "நான் ஒரு பெண் இல்லையா?" என்று சோஜர்னர் ட்ரூத் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பாடத்தில் படித்தோம். அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்று என் தோழி சாதிக்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: சான்று உங்கள் தோழியின் பக்கம் வலுவாக இருக்கிறது அம்மா. 1851 மே மாத இறுதியில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணான ட்ரூத் பேசினார். கூட்டத்தில் இருந்த மாரியஸ் ராபின்சன், தாம் நடத்திய அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் ஜூன் 21 அன்றே அந்த உரையை வெளியிட்டார். அதில் இந்தக் கேள்வி ஓரிடத்திலும் இல்லை. நாம் அறிந்த வடிவத்தை எழுதியவர் பிரான்சிஸ் டானா கேஜ். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரே அவர்தான். ஆனால் அவர் எழுதியது அச்சேறிய நாள் 1863 ஏப்ரல் 23. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): இருவருமே நேரில் கேட்டவர்கள். தேதியை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளிவிடலாமா?

பதில்: கூடாது. மூன்றாவது ஆவணம் ஒன்றோடு உரசிப் பார்க்க வேண்டும். தமக்குப் பதின்மூன்று பிள்ளைகள் பிறந்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டதாகவும் ட்ரூத் சொன்னதாகக் கேஜ் எழுதுகிறார். ட்ரூத் எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் வாழ்க்கையை இன்னொருவரிடம் வாய்மொழியாகச் சொல்லி 1850இல் நூலாக்கினார். அந்த நூலின்படி அவருக்குப் பிள்ளைகள் ஐவர். சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகன் பீட்டரை அவர் நீதிமன்றம் ஏறி மீட்ட கதையும் அதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கங்கள், பதின்மூன்று என்ற எண்ணைவிடப் பல மடங்கு கனமானவை.

ராபின்சனையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தப் பேச்சைக் காகிதத்தில் கொண்டுவர இயலாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதனால் இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகும் இடங்களைத் தேடுங்கள். ஆணின் அறிவு பெரிய படி, பெண்ணின் அறிவு சின்னப் படி என்றே வைத்துக்கொண்டாலும், அவளுடைய சின்னப் படியை நிரப்பிக்கொள்ள ஏன் விடக்கூடாது என்ற வாதம் இரண்டிலும் வருகிறது. ஏவாளும் இரண்டிலும் வருகிறாள். இவை ட்ரூத்தின் வாயிலிருந்து வந்தவை என்று நான் துணிந்து சொல்வேன்.

கேள்வி (ஆய்வு மாணவர்): அப்படியானால் கேஜின் பிரதியை ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்காதீர்கள், 1863இன் ஆவணமாகப் படியுங்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. அடிமை விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் வெள்ளையரான ஒரு பெண்ணுரிமைப் போராளி எப்படிப்பட்ட ட்ரூத்தை வாசகர் முன் நிறுத்த விரும்பினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 1881இல் வெளிவந்த பெண் வாக்குரிமை வரலாற்றின் முதல் தொகுதியில் இந்த வடிவம் இடம்பிடித்தது. அதன் பிறகு அதுவே நிலைத்தது. ஓர் எச்சரிக்கை: அத்தொகுதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ். இவர் வேறு, பிரான்சிஸ் கேஜ் வேறு. தேர்வுத் தாள்களில் இந்தக் குழப்பத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 1848இல் அமெரிக்காவின் செனகா பால்ஸ் நகரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தையும் இப்படி ஒப்பிட முடியுமா?

பதில்: முடியும். அதன் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை; அடிமை ஒழிப்புப் போராளி பிரெடரிக் டக்ளஸின் அச்சகத்தில் அச்சான வடிவம் இருக்கிறது. அதை 1776இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். அங்கே குற்றம் சாட்டப்பட்ட பிரிட்டன் மன்னர் இருந்த இடத்தில் இங்கே ஆண் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): ட்ரூத்தின் பேச்சைத் தமிழில் கொண்டுவருகிறேன். அவருடைய கொச்சை மொழிக்கு ஏதாவது ஒரு வட்டார வழக்கைப் பயன்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கொச்சை பிரான்சிஸ் கேஜ் ஏற்றியது. தென் மாநில அடிமைகள் பேசுவதாக வெள்ளையர் எழுதிவந்த நடை அது. ட்ரூத் பிறந்தது வடக்கே, நியூயார்க் மாநிலத்தில். டச்சுக்காரர் வீட்டில் வளர்ந்ததால் அவர் முதலில் பேசிய மொழி டச்சு. ராபின்சன் அவரை எளிய, நேரான ஆங்கிலத்தில் பேசவிடுகிறார்: "உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், சோளம் உரித்திருக்கிறேன், விறகு வெட்டியிருக்கிறேன்." இந்த வரிக்கு வட்டார வழக்கு எதற்கு? நீங்களும் அவரை இப்படியே பேசவிடுங்கள்.