இடது கால் தெர்மல் படத்தில் குளிர்ச்சி: எல்5 நரம்புதானா?
தோலின் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் படத்தில் இடது கால் குளிர்ச்சியாகத் தெரிகிறதே, எல்5 நரம்பு (கீழ் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு) நசுங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இடது கெண்டைக்கால் வலதைவிட 0.8 டிகிரி குளிர்ச்சி என்றால், அங்கே தோலில் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். கேமரா நரம்பைப் பார்ப்பதில்லை.

நரம்பு வேர் (முதுகெலும்பிலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) பாதித்தாலும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கலாம், உண்மைதான். ஆனால் எனக்குச் சந்தேகம் படம் எடுத்த விதத்தில்தான். வெயிலில் நடந்து வந்து, ஏர்கான் அறைக்குள் நுழைந்ததுமே எடுத்தார்கள் என்கிறீர்களே! கால்களை மூடாமல் 15 நிமிடமாவது உட்கார வைத்திருக்க வேண்டும். அன்று கோடாலித் தைலம் வேறு தடவியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடந்து பாருங்கள். இடது பாதம் தொங்குகிறதா, பெருவிரலைத் தூக்க வலு இல்லையா? அப்படியானால் நரம்புப் பாதிப்புக்கு அது படத்தைவிடப் பெரிய தடயம். பாலிகிளினிக்கில் முதலில் இதைச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ, நரம்பு மின்சோதனை எல்லாம் அப்புறம் அவர்கள் முடிவு செய்வார்கள். நடக்கும்போது மட்டும் கெண்டை இறுகி, நின்றால் விடுகிறது என்றால் கால் ரத்தக்குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தெர்மல் படத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ பாலிகிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.