லீனியர் வாங்கும் முன், 'அப், அப்' என்று அதட்டியது ஏன் என்று கேளுங்கள்

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "கடந்த ஆண்டு எனக்கு அமெச்சூர் ரேடியோ உரிமம் கிடைத்தது. என்னிடம் 50 வாட் ரிக் (அனுப்பவும் வாங்கவும் உதவும் வானொலிக் கருவி) இருக்கிறது. இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே 20 மீட்டர் பேண்டுக்கான, அதாவது 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கான, டைபோல் கம்பி ஆன்டெனா கட்டியிருக்கிறேன். தளத்திலிருந்து மூன்று மீட்டர் உயரம்; அனுப்பும் திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2. மாலை நேரத்தில் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்ய நிலையங்கள் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் நான் அழைத்தால் யாரும் பதில் தருவதில்லை. சென்ற வாரம் ஓர் அரிய தீவு நிலையத்தை நாற்பது நிமிடம் அழைத்தேன். கடைசியில் யாரோ 'அப், அப்' என்று அதட்டினார்கள். என் 50 வாட் போதவில்லை என்று தோன்றுகிறது. அனுப்பும் திறனைப் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். உரிமம் அனுமதிக்கும் வரம்பை மீறிச் செலுத்துவது உரிமத்துக்கே ஆபத்து என்பது ஒருபுறமிருக்க, உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல்களில் பெரிய இரண்டையும் லீனியரால் தீர்க்க முடியாது. அந்த 'அப், அப்' என்ற அதட்டலிலேயே முதல் சிக்கலின் விடை இருக்கிறது.

அரிய தீவிலிருந்து ஒருவர் 14.195 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறார் என்றால், அவரை ஒரே நேரத்தில் சில நூறு பேர் அழைப்பார்கள். அவர்கள் அனைவரும் அவர் பேசும் அதே அலைவரிசையில் கத்தினால் அவருடைய குரலே யாருக்கும் கேட்காது. எனவே அவர் 14.195இல் பேசிவிட்டு, அதற்கு ஐந்து முதல் பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே காது கொடுப்பார். 'ஃபைவ் அப்' என்று அவர் இடையிடையே சொல்வது இதைத்தான். நீங்கள் நாற்பது நிமிடமும் அவர் கேட்காத இடத்தில், அதுவும் அவர் பேசும் இடத்தின் மேலேயே அழைத்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே 50 வாட்டுக்குப் பதிலாக 400 வாட் செலுத்தியிருந்தால் அதட்டியவர்களின் எண்ணிக்கைதான் எட்டு மடங்காகியிருக்கும்.

உங்கள் ரிக்கில் அலைவரிசையைத் தேர்ந்துவைக்க ஏ, பி என்று இரண்டு வி.எஃப்.ஓ.க்களும், ஒன்றில் கேட்டு மற்றதில் பேச உதவும் ஸ்பிளிட் என்ற பொத்தானும் இருக்கும். ஏ-யில் தீவு நிலையத்தை வையுங்கள், பி-யை 14.200க்கு அருகே வைத்து ஸ்பிளிட்டை அழுத்துங்கள். உடனே அழைக்காதீர்கள். தீவுக்காரர் ஒருவருக்குப் பதில் சொன்னதும் பி-க்குத் தாவி, அந்த ஒருவர் எந்த இடத்திலிருந்து பேசுகிறார் என்று தேடுங்கள். நான்கைந்து பேரைக் கவனித்தால் தீவுக்காரரின் காது மேல்நோக்கி நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பது பிடிபட்டுவிடும். அவர் அடுத்து வரக்கூடிய இடத்தில் உங்கள் அழைப்புக்குறியை முழுமையாக, ஒரே ஒரு முறை, தெளிவான ஒலிப்புச் சொற்களில் (ஏ-க்கு 'ஆல்ஃபா' என்பதுபோல) சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் வேறொருவரின் எழுத்துகளைச் சொல்லித் தேடும்போது வாய் திறக்கவே கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், பைல்-அப் எனப்படும் இந்த அழைப்பு நெரிசலில் இருப்பவர்களில் கணிசமானோர் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பதில்லை. அதனால்தான் காப்பவருக்குச் சிறிய திறனிலும் வாய்ப்புக் கிடைக்கிறது.

அடுத்து, அவர்கள் எனக்குக் கேட்கிறார்கள், நான் அவர்களுக்குக் கேட்கவில்லை என்ற புதிர். எதிர்முனையில் இருப்பவரின், ஒரே திசையில் குவித்து வீசும் பெரிய யாகி ஆன்டெனாதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆன்டெனாவின் ஆதாயம் அனுப்பும்போது எவ்வளவோ, வாங்கும்போதும் அவ்வளவே. அவருடைய யாகி உங்களுக்கும் சேர்த்தே வேலை செய்கிறது. இரு திசைகளுக்கும் இடையே வேறுபடுபவை முக்கியமாக இரண்டுதான்: அனுப்பும் திறன், அவரவர் இடத்தில் உள்ள இரைச்சல். அவர் 1000 வாட்டும் நீங்கள் 50 வாட்டும் செலுத்தினால் வேறுபாடு 13 டெசிபெல். வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரின் ஒரு படி ஆறு டெசிபெல் என்பது வழக்கமான கணக்கு. ஆகவே இரண்டு படிக்குச் சற்று மேல். அவர் உங்களுக்கு எஸ்-9 என்று கேட்டால், நீங்கள் அவருக்கு எஸ்-7 அளவில் கேட்பீர்கள். அது தாராளமாகப் போதும். அவர் எஸ்-4 என்றால் நீங்கள் எஸ்-2. அவர் நகரத்தில் இருந்தால் இரைச்சலே எஸ்-5 வரை நிற்கும், நீங்கள் அதற்கடியில் புதைந்துபோவீர்கள். 'நன்றாகக் கேட்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, மீட்டர் காட்டியதை எழுதவில்லை. விருதுநகர் போன்ற அமைதியான இடத்தில் எஸ்-3 கூட நன்றாகத்தான் கேட்கும். இன்று முதல் எஸ்-8க்கு மேல் வருபவர்களை மட்டும் அழைத்துப் பாருங்கள்.

திறனுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை உங்கள் காதாலேயே அளந்து பார்க்கவும் ஒரு வழி உண்டு. 14.100 மெகாஹெர்ட்ஸில் சி.டபிள்யூ. (மோர்ஸ்) முறையில் ரிக்கை வைத்து மூன்று நிமிடம் பேசாமல் உட்காருங்கள். உலகெங்கும் அமைக்கப்பட்ட 18 பீக்கன் நிலையங்கள், ஒவ்வொன்றும் பத்து விநாடி வீதம், முறை வைத்து அங்கே ஒலிக்கின்றன. ஒவ்வொரு பீக்கனும் முதலில் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லும். பிறகு ஒரு விநாடி நீளமுள்ள நான்கு ஒலிகளை அனுப்பும். முதல் ஒலி 100 வாட், இரண்டாவது 10, மூன்றாவது 1, நான்காவது வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஃபின்லாந்தின் ஓஎச்2பி பீக்கனின் மூன்றாவது ஒலி உங்களுக்குக் கேட்டுவிட்டால், அந்தப் பாதையில் ஒரு வாட் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். உங்களிடம் அதைப்போல ஐம்பது மடங்கு இருக்கிறது. முதல் ஒலியே கேட்கவில்லையென்றால் அந்தத் திசையில் அன்று வானம் மூடியிருக்கிறது, லீனியரும் திறக்காது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதினெட்டில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் இலங்கையின் 4எஸ்7பி பெரும்பாலும் மங்கலாகவோ, கேட்காமலோ போகலாம். சுமார் 400 கிலோமீட்டர் என்பது தரை அலைக்கு எட்டாத தொலைவு. வானில் பட்டுத் திரும்பும் அலையோ அதைத் தாண்டிப் போய் விழுகிறது.

அந்த வான் அலையின் கோணத்தில்தான் உங்கள் இரண்டாவது பெரிய சிக்கல் இருக்கிறது. அலையைத் தரைக்குத் திருப்பி நமக்கு உதவும் அயனி மண்டலத்தின் எஃப்2 அடுக்கு சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிவானத்திலிருந்து 30 பாகை கோணத்தில் ஏறும் அலை ஒரு தாவலில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் கடக்கும். 15 பாகையில் ஏறுவது 1700. ஐந்து பாகையில் ஏறுவது 3000ஐ நெருங்கும். ஜெர்மனி உங்களிடமிருந்து சுமார் 7500 கிலோமீட்டர். முதல் வகை அலைக்கு எட்டொன்பது தாவல்கள் வேண்டும். மூன்றாவது வகைக்கு மூன்று. ஒவ்வொரு தாவலிலும் அலை கீழ் அடுக்கை இருமுறை கடந்து இழக்கிறது, தரையில் மோதியும் இழக்கிறது. டைபோல் தரையிலிருந்து அரை அலைநீளம், அதாவது 20 மீட்டர் பேண்டுக்குப் பத்து மீட்டர், உயரத்தில் இருந்தால் அதன் வலிமையான வீச்சு 30 பாகையை ஒட்டி அமையும். கால் அலைநீளத்துக்கு இறங்கினால் பெரும்பகுதி நேராக உச்சி வானத்துக்குப் போய்விடும். உங்கள் கம்பி நிலத்திலிருந்து பத்து மீட்டர் இருக்கலாம். ஆனால் அதற்கு மூன்று மீட்டர் கீழே முறுக்குக் கம்பிகள் பின்னிய கான்கிரீட் தளம் கிடக்கிறது. அலை அந்தத் தளத்தையும் ஓரளவு தரையாகவே எடுத்துக்கொள்ளும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 என்பதில் மயங்க வேண்டாம். திறனை வெறும் வெப்பமாக்கும் டம்மி லோடும் 1.0 காட்டும், அதிலிருந்து அடுத்த தெருவுக்குக்கூட ஒழுங்காகப் பேச முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். மாடிப்படி அறையின் கூரை மேல் ஆறு மீட்டர் ஜி.ஐ. குழாயையோ நல்ல மூங்கிலையோ நிறுத்தி, டைபோலின் நடுப்பகுதியை அதன் உச்சியில் கட்டி, இரு கைகளையும் தலைகீழ் 'வி' போல இறக்குங்கள். ஒவ்வொரு கையும் ஐந்து மீட்டர்தான்; இரண்டுக்கும் இடையே 120 பாகை அளவு விரிவு இருந்தால், முனைகள் தளத்துக்கு ஆறு மீட்டர் மேலேயே நின்றுவிடும். அங்கிருந்து கைப்பிடிச் சுவர் வரை நைலான் கயிறு. குழாய் சாய்ந்து விழுந்தாலும் மின்வாரியக் கம்பியை எட்டாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். இதில் சமரசமே கூடாது. ஐப்பசி மழையில் இடி தொடங்கும் முன் கோஆக்ஸ் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்; மேலே உள்ள இணைப்பில் நீர் புகாமல் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். நீர் ஊறிய கோஆக்ஸும் அழகான எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும் என்பதை நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் வீணாக்கிய பிறகே கற்றுக்கொண்டேன்.

கம்பியை எந்தத் திசையில் கட்டியிருக்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. டைபோல் தன் பக்கவாட்டில் வலிமையாகவும் முனைகளின் பக்கம் பலவீனமாகவும் வீசும். தமிழ்நாட்டிலிருந்து மேற்கு ஐரோப்பா வடமேற்கில், 320 பாகையை ஒட்டி இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை, தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும், 335 பாகைக்கு அருகே, கிட்டத்தட்ட வடக்கில். எனவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் கம்பி இவ்விரண்டையும் பார்க்கும். பின்புறத்தில் ஆஸ்திரேலியாவும் ஓரளவு கிடைக்கும். ஜப்பான் மட்டும் முனைப் பக்கம் விழுந்து நலிந்துபோகும். எல்லாத் திசையும் வேண்டுமென்றால் அது வேறு செலவு.

இவற்றைச் செய்த பிறகு, உங்கள் அலை உண்மையில் போய்ச் சேர்கிறதா என்பதை யாருடைய பதிலுக்கும் காத்திராமல் பார்த்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இணையவழியாக எவரும் இயக்கிக் கேட்கக்கூடிய ஒரு ரிசீவர் இருக்கிறது. மாலையில் காலியான ஓர் அலைவரிசையைத் தேர்ந்து, அங்கே யாரும் இல்லையா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, அழைப்புக்குறியுடன் சுருக்கமாக அழையுங்கள். சற்றுத் தாமதத்துக்குப் பிறகு கைப்பேசியில், இரைச்சலுக்கு நடுவே, உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வரும். பழைய கம்பியில் ஒரு முறையும் புதியதில் ஒரு முறையும் இதைச் செய்து குறித்து வையுங்கள். எஃப்.டி.8 என்ற கணினிவழி முறையில் பேசுபவரானால், உங்களை எந்தெந்த ஊரில் கேட்டார்கள் என்று காட்டும் வரைபடங்கள் இதே வேலையை இன்னும் எளிதாகச் செய்துவிடும்.

அயனி மண்டலத்தை வலுப்படுத்தும் சூரியப் புள்ளிகளின் 25ஆவது சுழற்சி 2024ஆம் ஆண்டை ஒட்டி உச்சத்தைத் தொட்டது. அது முற்றிலும் தணிவதற்குள், உங்கள் உரிமத்தில் உள்ள பேண்டுகளைப் பார்த்துக்கொண்டு, 21, 28 மெகாஹெர்ட்ஸ்களிலும் ஒரு கம்பி கட்டுங்கள். 28க்கு மொத்தமே ஐந்து மீட்டர் கம்பி போதும், அதே குழாயின் உயரம் அலைநீளக் கணக்கில் அங்கே இரட்டிப்பாகிவிடும். ஐரோப்பாவுக்கு நம் பிற்பகலும் மாலையும் ஏற்றவை.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். தீவு நிலையத்தின் பின்னால் நூறு பேரில் ஒருவராக நிற்கும் நீங்களே பலருக்கு டி.எக்ஸ்., அதாவது தொலைதூர அரிய நிலையம். ஆண்டுதோறும் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் சி.க்யூ. உலக டி.எக்ஸ். குரல் போட்டியில், உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பேண்டிலும் பிடிக்கும் ஒவ்வொரு புதிய மண்டலமும் மதிப்பெண்ணைப் பெருக்குகிறது. நாம் இருப்பது 22ஆவது மண்டலம். இலங்கை, மாலத்தீவு, நேபாளம் முதலியவற்றையும் சேர்த்தே எண்ணினாலும் இங்கிருந்து குரல் கொடுப்பவர்கள் குறைவு. அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரிய கோபுரங்கள் வைத்திருக்கும் ஐரோப்பிய நிலையங்கள் தங்களுக்கு எட்டிய எல்லோரையும் பேசி முடித்துவிட்டு, புதிய குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு வெறும் இரைச்சலைக் கேட்டபடி அழைத்துக்கொண்டிருப்பார்கள். எஸ்-9இல் வரும் ஒருவரைப் பிடித்து அழைப்புக்குறியை ஒரு முறை சொல்லுங்கள். அவர் பதில் சொன்னதும் நீங்கள் தர வேண்டியது, நன்றாகக் கேட்கிறது என்ற குறிப்பும் மண்டல எண்ணும் சேர்ந்த '59, 22' மட்டுமே.