தேவிகுளம் எங்கும் போகவில்லை

வணக்கம் ஐயா,

கம்பம்மெட்டில் ஓர் ஏலத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் தோட்டத்து ஜீப்புக்குப் புது பேட்டரி போட்டோம். அன்றிலிருந்து ஸ்டீரியோவில் தேவிகுளம் ஆகாசவாணி (101.4) வரவே மாட்டேன் என்கிறது. கொடைக்கானல் 100.5, மதுரை 103.3 இரண்டும் பழையபடி சுத்தமாக வருகின்றன. மேட்டில் நிறுத்தினால் கொச்சி 102.3கூடக் கேட்கிறது. தேவிகுளத்தை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள், அரசாங்க ரேடியோக்காரர்கள் அடிக்கடி இப்படித்தான் செய்வார்கள் என்கிறார் டிரைவர். உண்மையா? வீட்டில் அப்பா காலத்து ரேடியோ ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடியில் எல்லாம் மீட்டர் கணக்கில் போட்டிருக்கிறது. அதை வைத்து இப்போது எப்படி ஸ்டேஷன் பிடிப்பது?

முருகேசன், கம்பம்மெட்டு

அன்புள்ள முருகேசன்,

தேவிகுளம் 101.4லேயேதான் இருக்கிறது. மாறியது உங்கள் ஜீப்பில் உள்ள செட்.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வருகிற ஸ்டேஷன்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 5, 3, 3. வராதது 4. அமெரிக்காவில் பண்பலை நிலையங்கள் 88.1, 88.3, 88.5 என்று ஒற்றைப்படையில் முடியும் எண்களில்தான் இயங்குகின்றன. அங்கே விற்பதற்கான அமைப்பில் செட் இருந்தால் அது 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவித் தாவிப் போகும். 101.3க்கு அடுத்து 101.5தான். 101.4 என்ற படியே அதற்குக் கிடையாது. நாகர்கோவில் 101.0ம் இதே காரணத்தால் சிக்காது. பல கார் ஸ்டீரியோக்கள் பேட்டரியைக் கழற்றியதும் நினைவை இழந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். அந்த அமைப்பு சில செட்களில் அமெரிக்காவுக்கானது.

கையால் 101.5க்குக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். தேவிகுளம் கரகரவென்று, 'ச', 'ஸ' எழுத்துகள் வரும் இடமெல்லாம் சீறிக்கொண்டு கேட்கும். பண்பலையில் ஒலி ஏறி இறங்கும்போது அலைவரிசை இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடும். நீங்கள் 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதால் அந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் வெட்டுப்படுகிறது. தானியங்கித் தேடல், அலை நடுவில் விழுந்தால்தான் நிற்கும். அதனால் தேவிகுளத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுகிறது.

இன்னும் சந்தேகம் என்றால் ஏ.எம். பொத்தானை அழுத்தி ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். 530, 540, 550 என்று போனால் அமெரிக்க அமைப்பு. 531, 540, 549 என்று போனால் நம்முடையது.

சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. மெனு பொத்தானை அழுத்திப் பிடியுங்கள் (சில செட்களில் ஒலி கூட்டும் திருகையே அழுத்த வேண்டும்). பாஸ், டிரெபிள், பேலன்ஸ் எல்லாம் தாண்டினால் 'ஏரியா' என்று வரும். அதில் யு.எஸ்.ஏ. என்றிருப்பதை யூரோப் அல்லது ஏசியா என்று மாற்றுங்கள். சேமித்து வைத்த ஸ்டேஷன்கள் அப்போது அழிந்துபோகலாம், எனவே எண்களை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சில செட்களில் குரலும் கொஞ்சம் தெளிவாகும். ஒலிபரப்பில் தூக்கி அனுப்பும் கீச்சுக் குரல்களை ரேடியோ திரும்ப இறக்கும் அளவு அமெரிக்காவில் 75 மைக்ரோவினாடி, இங்கே 50. அவர்கள் கணக்கில் நம் ஸ்டேஷனைக் கேட்டால் ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

டிரைவர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. அவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார். ஒரு நிகழ்ச்சி வரிசையை இந்த ஒலிபரப்பியிலிருந்து அந்த ஒலிபரப்பிக்கு மாற்றுவது ஒன்று. ஒலிபரப்பியின் அலைவரிசையையே மாற்றுவது வேறொன்று. முதலாவது கட்டுப்பாட்டு அறையில் இணைப்பை மாற்றுகிற வேலை, ஒரே இரவில் முடியும். அரசு வானொலிகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். சில நேரம் அதுகூட இல்லை, பெயர் மட்டும் மாறும். 2023 மே மாதம் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரை விட்டுவிட்டு ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ஒரு ஒலிபரப்பியிலும் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவது கஷ்டம். மத்திய அரசின் வயர்லெஸ் திட்டப் பிரிவு புது எண்ணை ஒதுக்க வேண்டும். பண்பலையில் கருவியின் எண்ணை மாற்றுவது எளிது. ஆனால் ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று ஸ்டேஷன்கள் ஏரியலைப் பகிர்ந்துகொண்டால், அவற்றைப் பிரிக்கும் உலோக வடிகட்டிகளை மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அனுப்பிய சக்தி திரும்பி வந்து ஒலிபரப்பியை அணைத்துவிடும். போக இடமும் வேண்டும். ஒரே ஊரில் ஸ்டேஷன்களுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் விடுவது நம் நாட்டு வழக்கம். தனியார் நிலையங்கள் 91.1, 91.9, 92.7, 93.5 என்று வரிசையாக இருப்பது அதனால்தான். உங்கள் மேட்டில் கேட்பவையோ 100.5, 101.4, 102.3, 103.3. ஏறக்குறைய அதே இடைவெளி. நடுவில் காலி என்று தோன்றும் இடங்களில், மலைக்கு அப்பால் நாகர்கோவில் 101.0லும் திருவனந்தபுரம் 101.9லும் உட்கார்ந்திருக்கின்றன. சென்னையில் ஆகாசவாணியின் ரெயின்போ ஸ்டேஷனும் 101.4தான். நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதால் தேவிகுளத்தோடு மோதாது.

மத்திய அலையில் (ஏ.எம். பொத்தானில் வருவது) வேலை இன்னும் பெரிது. அங்கே கோபுரமே ஏரியல். மதுரை 1269 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 236 மீட்டர். கால் பங்கு கோபுரம் என்றால் 59 மீட்டர். அதையே திருச்சூரின் 630க்கு மாற்றினால் 119 மீட்டர் வேண்டும். அடியில் சுருள்களை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் சக்தி விரயமாகும்.

உலகத்தின் பாதி ஒரே நாளில் இடம் மாறியதும் நடந்திருக்கிறது. 1975இல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தப்படி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா நாடுகளின் மத்திய அலை 1978 நவம்பர் 23 அன்று 9 கிலோஹெர்ட்ஸின் மடங்கான எண்களுக்கு வந்தது. அன்றே பிரிட்டனின் பி.பி.சி. தன் நான்கு வானொலிகளையும் பந்தியில் இலை மாற்றி உட்கார வைப்பதுபோல மாற்றியது. ரேடியோ 1 எழுந்த 247 மீட்டரில் ரேடியோ 3 உட்கார்ந்தது. ரேடியோ 2 விட்டுக்கொடுத்த 1500 மீட்டர் நீண்ட அலைக்கு ரேடியோ 4 போனது. இவ்வளவு பாடு எதற்கு? இரண்டு ஸ்டேஷன்கள் ஒரு கிலோஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் இருந்தால் இரவில் நடுவே விசில் அடிக்கும். மிகச் சரியாக ஒரே எண்ணில் இருந்தால் விசில் இல்லை, பின்னால் லேசான முணுமுணுப்போடு போய்விடும்.

இப்போது அப்பாவின் ரேடியோ. 3,00,000ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். மதுரை 236, திருநெல்வேலி (1197) 251, கோவை (999) 300, திருச்சி (936) 321. முள் எண்ணை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும். பழைய செட்டில் அது சகஜம். ஒரு ஸ்டேஷனை அடையாளம் கண்டுபிடித்துவிட்டால் மற்றதை அதிலிருந்து கணக்குப் பண்ணலாம். எந்த கிலோஹெர்ட்ஸ் எண் கிடைத்தாலும் 9ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வந்தால் அது தவறான எண். உள்ளே கருப்பு ஃபெரைட் கம்பி (அதுவே ஏரியல்) இருக்கிற செட் என்றால் பெட்டியை மெதுவாகத் திருப்புங்கள். கம்பியின் முனை ஸ்டேஷனை நோக்கினால் சத்தம் செத்துவிடும், பக்கவாட்டு நோக்கினால் ஏறும். இரவில் தொந்தரவு செய்யும் தூரத்து ஸ்டேஷனை ஓரளவு அடக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஜீப் விஷயத்தில் ஒன்று விட்டுவிட்டேன். ஏரியாவை மாற்றிய பிறகும், சாவியை எடுத்துத் திரும்பப் போடும்போதெல்லாம் யு.எஸ்.ஏ.வுக்கே போய்விடுகிறது என்றால், ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சள் ஒயரைப் பாருங்கள். அது நேராக பேட்டரிக்குப் போக வேண்டும், நினைவைக் காப்பது அதுதான். சிவப்புதான் சாவி வழியாக வர வேண்டும். பேட்டரி மாற்றியவர் இரண்டையும் சேர்த்துச் சாவிப் பக்கம் முறுக்கிவிட்டிருப்பார்.