குறைந்த அழுத்த சோடியம் விளக்கு: அளவீடு பற்றிய கேள்வி பதில்

ஒரே மஞ்சளாக எரியும் குறைந்த அழுத்த சோடியம் விளக்கின் வோல்ட், ஆம்பியர், வாட் பற்றி மட்டும் கேளுங்கள். உயர் அழுத்த சோடியம் வேறு சாதி. அதன் கணக்கு இங்கே பொருந்தாது.

கே: புது விளக்கின் இரு முனைகளிலும் ஓம் மீட்டர் வைத்தேன். எதுவுமே காட்டவில்லை. போய்விட்டதா?

இல்லை. இரண்டு முனையும் குழாயின் இரண்டு கோடிகளில் உள்ள தனித்தனி மின்முனைகளுக்குப் போகின்றன. நடுவில் இருப்பது வாயுதான். எரியாத விளக்கில் ஓம் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கே: 55 வாட் விளக்கு. போட்டவுடன் அளந்தால் ஒரு எண், கொஞ்ச நேரம் கழித்து வேறு எண். எதை எழுதுவது?

இரண்டையும் எழுதாதீர்கள். முதலில் சிவப்பாக எரிவது நியான், கூடவே சிறிது ஆர்கான். சோடியம் அப்போது குழாய்ச் சுவரில் திடமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சுவர் சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு வந்த பிறகுதான் சோடியம் ஆவி போதுமான அளவு சேர்ந்து மின்னிறக்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் விடுங்கள். மஞ்சளாகிவிட்டது என்பது மட்டும் போதாது, மீட்டரின் எண் நகராமல் நிற்க வேண்டும். புது விளக்கானால் 100 மணி நேரம் எரியவிட்டு அப்புறம் அளப்பதே முறை.

கே: விளக்கைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டை அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் முதலில் மீட்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். லீக்கேஜ் வகை டிரான்ஸ்பார்மரில் (விளக்கைப் பற்றவைத்து, மின்னோட்டத்தையும் தானே கட்டுப்படுத்தும் வகை) சுமையில்லாத மின்னழுத்தம் 480 வோல்ட் முதல் 660 வோல்ட் வரை இருக்கும். 660 என்றால் உச்சம் 930ஐத் தாண்டும். 600 வோல்ட் மீட்டரை அதில் வைக்காதீர்கள். தனி இக்னைட்டர் (விளக்கைப் பற்றவைக்க உயர் வோல்ட் துடிப்பு தரும் கருவி) உள்ள அமைப்பில் இந்த அளவீடே வேண்டாம். அதன் துடிப்பு மீட்டரைத் தின்றுவிடும். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு மீட்டரை இணைக்கவும். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் எந்த வயரையும் தொடாதீர்கள்.

கே: 55 வாட் விளக்கில் 109 வோல்ட், 0.59 ஆம்பியர் வருகிறது. பெருக்கினால் 64. மீட்டர் கோளாறா?

மீட்டர் சரி, பெருக்கியதுதான் தவறு. 109, 0.59 இரண்டும் அந்த விளக்குக்கு இருக்க வேண்டிய எண்களே. இங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வராது, சுமார் 0.86ஆலும் பெருக்க வேண்டும். உண்மை வாட்டுக்கும் அந்தப் பெருக்கலுக்கும் உள்ள இந்த விகிதம்தான் பவர் ஃபாக்டர்.

கே: அது எப்படி? ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைக் கடக்கின்றன. கோண வித்தியாசமே இல்லை. பவர் ஃபாக்டர் 1 தானே?

வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். பவர் ஃபாக்டர் என்றாலே கோணம் என்று பாடத்தில் படித்தது சைன் அலைக்கு மட்டும்தான். சோக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்) வழியாக வரும் மின்னோட்டம் ஏறக்குறைய சைன். விளக்கின் மின்னழுத்தமோ கிட்டத்தட்டச் சதுரம். மின்னோட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மின்னழுத்தம் பெரிதாக அசையாது. முழுச் சதுரம், முழுச் சைன் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கோணம் சுத்தமாக இல்லாமலே விகிதம் 0.90 வரும். அதற்கு மேல், ஒவ்வொரு அரைச் சுற்றின் தொடக்கத்திலும் விளக்கு மறுபடி பற்றிக்கொள்ள ஒரு சிறு வோல்ட் முனை எழும். அப்போது மின்னோட்டம் மிகக் குறைவு. அந்த முனை ஆர்.எம்.எஸ். வோல்ட்டை (மாறும் அலையின் பயனுறு மதிப்பை) கூட்டும், வாட்டைக் கூட்டாது. 0.90 இன்னும் இறங்க அது ஒரு காரணம்.

கே: (முன்பு கேட்டவரே) அப்படியானால் மீதி வாட் எங்கே போனது? சோக்கில் தேங்குகிறதா?

எங்கும் போகவில்லை, அது வாட்டாக இருந்ததே இல்லை. சதுர அலையில் மூன்றாம், ஐந்தாம் ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைகள்) இருக்கின்றன. மின்னோட்டத்தில் அவற்றுக்கு ஜோடி கிட்டத்தட்ட இல்லை. ஜோடி இல்லாத ஹார்மோனிக்கின் சராசரித் திறன் பூஜ்யம். சோக்கில் வெப்பமாகும் இழப்பு தனிக் கணக்கு, அதை இதில் கலக்காதீர்கள்.

கே: (அவரே) சோக்குக்குப் பதிலாக உயர் அதிர்வெண்ணில் ஓட்டும் எலக்ட்ரானிக் பல்லாஸ்ட்டில் பவர் ஃபாக்டர் 1க்கு மிகப் பக்கத்தில் வருகிறதே?

வரத்தான் செய்யும், அது என் பக்கத்துச் சாட்சி! உயர் அதிர்வெண்ணில் குழாயின் அயனிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடிக் குறைய நேரமில்லை. குழாய் சாதாரண ரெசிஸ்டர் போல நடக்கும், வோல்ட் அலையும் ஆம்பியர் அலையும் ஒரே வடிவில் வரும். வடிவம் ஒன்றானதும் விகிதம் 1 ஆகிறது. சோக்கு, எலக்ட்ரானிக் பல்லாஸ்ட் இரண்டிலும் கோணம் பூஜ்யம்தான். மாறியது வடிவம் மட்டுமே.

கே: நடுவில் வருகிறேன். என் சாதாரண மல்டிமீட்டர் அதே விளக்குக்கு 120 வோல்ட் காட்டுகிறது.

இந்த வாதத்துக்கே பொருத்தமான கேள்வி. உங்கள் மீட்டர் சராசரியை அளந்து, சைன் என்று நம்பி 1.11ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சதுர அலைக்கு அது 11 சதவீதம் அதிகம். 109ஐ 1.11ஆல் பெருக்கிப் பாருங்கள். ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று எழுதிய மீட்டர் வேண்டும்.

கே: ஆசிலோஸ்கோப்பை விளக்கில் நேரடியாக மாட்டலாமா?

கூடாது. அதன் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. எர்த்தோடு சேராமல் இரு புள்ளிகளுக்கு இடையேயான வோல்ட்டை மட்டும் எடுக்கும் டிஃபரென்ஷியல் புரோப் பயன்படுத்துங்கள். மின்னோட்டத்துக்கு ஒரு ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் குறுக்கேயும் டிஃபரென்ஷியல் புரோப்பால் பாருங்கள். 0.59 வோல்ட்தான் விழும், விளக்குக்கு உறைக்காது. கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ், மறக்க வேண்டாம்.

கே: சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் போதுமா?

அது விளக்கு, டிரான்ஸ்பார்மர் இழப்பு இரண்டையும் சேர்த்துக் காட்டும். மின்கட்டணக் கணக்குக்குச் சரி. விளக்குக்கு மட்டும் வேண்டுமானால், வாட் மீட்டரின் கரண்ட் முனைகள் விளக்கோடு தொடரிலும் வோல்ட் முனைகள் விளக்கின் குறுக்கேயும் வர வேண்டும்.

கே: டிசியில் ஓட்டினால் அலைப் பிரச்சினையே இராதே?

கொஞ்ச நேரத்துக்கு இராது. அப்புறம் சோடியம் அயனிகள் எதிர்மின்முனைப் பக்கம் நகர்ந்து சேரும், குழாயின் மறுபக்கம் சோடியமின்றிக் காய்ந்துவிடும்.

கே: ஒரு மணி நேரமாகியும் சிவப்பாகவே இருக்கிறது. என்ன வோல்ட் வர வேண்டும்?

வோல்ட்டை விடுங்கள். வெளிக் கண்ணாடிக்குள் கெட்டர் (மீந்த வாயுவை உறிஞ்சும் உலோகப் பூச்சு) பூசிய இடம் வெள்ளையாகிவிட்டதா பாருங்கள். ஆகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. வெற்றிடம் போனால் வெப்பம் தங்காது, சோடியம் எழாது. கவனமாக அப்புறப்படுத்துங்கள். உள்ளே இருப்பது சோடியம், உடைந்த குழாயில் தண்ணீர் படக்கூடாது.

கே: உயர் அழுத்த சோடியம் விளக்குக்கும் இதே 0.86 தானா?

முதல் வரியைப் படிக்கவும்.

கே: ஓம் மீட்டரில் என் விளக்கு ஓப்பன் காட்டுகிறது...

முதல் பதில்.

கே: பழைய விளக்கில் வாட் கூடியிருக்கிறது. மீட்டர் பிழையா?

பிழையல்ல. வயதாக ஆக இந்த விளக்கின் மின்னழுத்தம் ஏறும், வாட்டும் கூடும். ஒளி பெரிதாகக் குறையாது. அதனால் இரண்டு விளக்குகளை ஒப்பிடும்போது எத்தனை மணி நேரம் எரிந்தவை என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.