தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் என் தாத்தா, ஊரில் அவருடைய நண்பர் இறந்ததிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

என் அம்மப்பாவும் இப்படித்தான் ஆனார். அவருக்கு எது உதவியது என்று மட்டும் சொல்ல முடியும்.

அவருடைய ஊர் மயிலிட்டி, யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் மீன்பிடி ஊர். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது ஊரே வெளியேறியது. பிறகு அது, ஊர்ச்சனம் உள்ளே போக முடியாத இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அம்மப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் (வளவு என்றால் வீட்டோடு சேர்ந்த காணி) குடும்பங்களோடு மன்னார் வந்து, படகேறி ராமேஸ்வரம் சேர்ந்தார்கள். மண்டபத்தில் பதிவு, அப்புறம் திருச்சிப் பக்கம் ஒரு முகாம். நான் பிறந்தது அங்கேதான். அந்தப் பக்கத்து வளவுக்காரரை நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம்.

யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறு என்று உண்டு. இரண்டு மூன்று வளவுக்குப் பொதுவான கிணறு. யாருக்கு எவ்வளவு பங்கு, தண்ணீர் அள்ளப் போகும் வழி எது என்பதெல்லாம் காணிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். இவர்கள் இருவரும் ஒரே கிணற்றுக்குப் பங்காளிகள். முகாமில் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதும் அந்தக் கிணற்றைப் பற்றித்தான் வாக்குவாதம். தண்ணீர் இறைக்கும் துலா எந்தப் பக்கம் நின்றது, பூவரசு யாருடைய வேலியில் இருந்தது என்று. “இல்லை அண்ணை, நீங்கள் மறந்துபோனீங்கள்” என்பார் அம்மப்பா. “எனக்கோ மறதி?” என்று அப்பு எழும்பிப் போய்விடுவார். பொழுது சாய்ந்ததும் தேத்தண்ணிக்கு வந்துவிடுவார்.

2017-இல் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அதற்கப்புறம் அப்பு மகளோடு ஊருக்குப் போனார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே என்பதால் அம்மப்பா போகவில்லை. அப்பு வாட்ஸ்அப் வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினார். வீடுகள் இடிந்து தரைமட்டமாகிப் பற்றை மண்டிக் கிடந்தது. கிணற்றை வைத்துத்தான் காணியை அடையாளம் கண்டார்கள். அங்கே திரும்பிப் போன பலரும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பூவரசு வாக்குவாதம் அன்றைக்கே போனில் மறுபடி தொடங்கிவிட்டது.

அப்பு தவறியபோது அம்மப்பாவால் போக முடியவில்லை. படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட் ஏது? சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் வாங்க வேண்டும், இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். செத்தவீடு அதுவரை காத்திருக்காது. போனாலும் முகாமுக்குத் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், புது வீடுகளும் கட்டத் தொடங்கினார்கள். அதற்கெல்லாம் மனதார நன்றி. ஆனால் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்ப வழியில்லாத வாழ்க்கை இன்னும் மாறவில்லை. இதை எங்கே எழுதினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

போனில்தான் பார்த்தார். பந்தல், சனம், பறைச் சத்தம். பாதியில், “கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொல்லு பிள்ளை” என்றார். கிணறு அந்தப் பக்கம்தான். இழவு வீட்டில் இதை யாரிடம் சொல்ல? நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. வந்தவர்கள் எல்லாம் “வயதாகிவிட்டது, போகவேண்டிய வயதுதானே” என்றார்கள். தயவுசெய்து உங்கள் தாத்தாவிடம் யாரையும் இப்படிச் சொல்ல விடாதீர்கள். நாங்கள் ஊர்க்கதை கேட்டுப் பார்த்தோம். சொல்ல ஆரம்பிப்பார், நாங்கள் தலையாட்டுவோம், பாதியில் விட்டுவிடுவார். ஒருநாள் சொன்னார்: “எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுறாய். நான் பிழையாச் சொன்னாலும் உனக்குத் தெரியுமோ?” அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரக்கப்பட்டுக் கேட்க நாங்கள் இருந்தோம், மறுத்துப் பேசத்தான் ஆள் இல்லை.

அவரைப் பேச வைத்தது அப்புவின் மகள்தான். வேலி அடைக்க வேண்டும், எல்லைக்கல்லைக் காணவில்லை, அடுத்த காணிக்காரர் வேறு இடம் சொல்கிறார், மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டு அழைத்தார். அம்மப்பா பேப்பரும் பேனாவும் கேட்டார். ஒழுங்கை, கிணறு, கோடிப்புறம் என்று கீறிக் கீறி விளக்கினார். அந்த மகள் “அப்பா வேற மாதிரியெல்லோ சொன்னவர்” என்றதும் அம்மப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. “கொப்பருக்கு எப்பவும் மறதி” என்று குரலை உயர்த்தினார். உயர்த்திய குரலிலேயே அழுதார். நண்பர் போனபிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான்.

முழுக்கச் சரியாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். தேத்தண்ணி நேரம் இன்னும் கஷ்டம்தான். ஆனால் அந்த மகள் அடிக்கடி எடுக்கிறார், இவரும் பேசுகிறார்.

உங்கள் தாத்தா சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டிருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் அந்த நண்பரின் பிள்ளைகளை, இல்லாவிட்டால் அதே ஊர்க்காரர் யாரையாவது தேடிப் பிடியுங்கள். ஆறுதல் சொல்லச் சொல்ல வேண்டாம். அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஏதாவது ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள், ஒரு காணி எல்லையோ, ஒரு உறவுமுறையோ. அவர் சொல்வதை அவர்கள் மறுத்தால் நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.